பழைய காருக்குப் புகைச் சான்றிதழ்: மலைமேல் இருக்கும் நாம் கவனிக்க வேண்டியவை



டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கல்வி உதவி, மருத்துவ உதவி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இப்போது அதிகம் கேட்பது வண்டிக் காகிதங்களைப் பற்றித்தான். அதிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "பதினைந்து வருடம் ஓடிய கார் புகை டெஸ்டில் தேறுமா? தேறாவிட்டால் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதானா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, எல்லாருக்கும் பயன்படும்படி இந்த இதழில் விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஆலத்தூர் நாடு, செம்மேடு, சோளக்காடு என்று மலைமேல் வசிக்கும் நம் குடும்பங்களிடம் இருப்பவை பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கையாக வாங்கிய வண்டிகள். மாருதி 800, ஆம்னி, பழைய ஜீப், சுமோ, குவாலிஸ். மிளகு மூட்டையும் அன்னாசியும் கீழே இறங்குவது அதில்தான். பிரசவ வலி கண்டால் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடுவதும் அதில்தான். புதுக் கார் வாங்கும் வசதி எல்லாருக்கும் இல்லை. இருப்பதை முறையாக வைத்துக்கொள்வதுதான் வழி. அது முடியாத காரியமும் அல்ல.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115ஆவது விதி இதற்கானது. வண்டி முதன்முதலில் பதிவான நாளிலிருந்து ஓராண்டு முடிந்த பிறகு, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் இல்லாமல் அதைச் சாலையில் ஓட்டக் கூடாது. பி.எஸ்.4, பி.எஸ்.6 வகை வண்டிகளுக்குச் சான்றிதழ் ஓராண்டு செல்லும். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம்தான். நம்மிடம் இருக்கும் வண்டிகள் பெரும்பாலும் ஆறு மாதக் கணக்கில் வருபவை. "போன வருஷம்தானே எடுத்தோம்" என்று நினைத்துக்கொண்டு சோதனையில் மாட்டிக்கொள்கிறவர்கள் இதனால்தான் அதிகம். மோட்டார் வாகனச் சட்டம் 190ஆவது பிரிவின்படி, 2019 செப்டம்பர் முதல் இந்தக் குற்றத்துக்கு அபராதத்தின் உச்ச அளவு 10,000 ரூபாய். முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை என்றும், ஓட்டுநர் உரிமத்துக்கு மூன்று மாதத் தடை என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஒரு பழைய ஆம்னியின் டயர் நான்கையும் மாற்றினாலும் அவ்வளவு ஆகுமா என்பது சந்தேகம்.

காப்பீடு பற்றியும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், புகைச் சான்றிதழ் இல்லாத வண்டிக்குக் காப்பீட்டைப் புதுப்பிக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. டெல்லியின் காற்று மாசு தொடர்பாக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் வந்த உத்தரவு அது. நல்ல நோக்கம்தான். ஆனால் சான்றிதழ் இல்லாதவர்கள் காப்பீடும் இல்லாமலே ஓட்டத் தொடங்கினார்கள். அந்த வண்டி யார் மீதாவது மோதினால் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கிடைக்காத நிலை ஏற்பட்டது. ஆகவே 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. இன்று சான்றிதழ் காலாவதியாகி இருந்தாலும் காப்பீட்டைப் புதுப்பிக்கலாம். அதேபோல, விபத்து நடந்தபோது புகைச் சான்றிதழ் கையில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்க முடியாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020லேயே விளக்கம் கொடுத்திருக்கிறது. யாராவது அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பினால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு வதந்தி, "பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டியையும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள்" என்பது. அது டெல்லியையும் அதைச் சுற்றிய தலைநகரப் பகுதியையும் பற்றிய செய்தி. பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் பிறப்பித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு வயது வரம்பு தனியார் கார்களுக்கு இல்லை. இங்கே பதினைந்து ஆண்டுகள் முடிந்ததும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். கட்டணம்தான் ஏறிவிட்டது. காருக்கு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. இருபது ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் மிகப் பழைய வண்டியை வாங்க வேண்டும். தரகர் இதைச் சொல்ல மாட்டார்.

உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்வது அடுத்த வேலை. நாடு முழுவதும் பி.எஸ்.2 வந்தது 2005 ஏப்ரலில். பி.எஸ்.3 2010இல். பி.எஸ்.4 2017 ஏப்ரலில். பி.எஸ்.6 2020 ஏப்ரலில். ஆனால் சென்னை போன்ற பெரிய நகரங்களில் ஒவ்வொன்றும் சில வருடம் முன்பே வந்துவிட்டது. சென்னையில் பி.எஸ்.4 2010லேயே வந்துவிட்டதால், 2012இல் அங்கே பதிவான கார் பி.எஸ்.4 ஆகவே இருக்கும். ஆர்.சி.யில் அல்லது எம்-பரிவாகன் செயலியில் பார்த்தால் தெரியும். சில பழைய வண்டிகளுக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும். அப்போது தயாரித்த மாதமும் ஆண்டும்தான் கணக்கு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வகை மாறினால் வரம்பும் மாறுகிறது.

பெட்ரோல் காரில் இரண்டு வாயுக்களை அளக்கிறார்கள். ஒன்று கார்பன் மோனாக்சைடு. இன்னொன்று ஹைட்ரோகார்பன், அதாவது எரியாமல் வெளியேறும் பெட்ரோல். பி.எஸ்.2க்கு முந்தைய கார் என்றால் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை, ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 1500 பங்கு வரை போகலாம். பி.எஸ்.2, பி.எஸ்.3 கார்களுக்கு 0.5 சதவீதமும் 750 பங்கும்தான். பி.எஸ்.4 வந்தபின் 0.3 சதவீதமும் 200 பங்கும் ஆகிவிட்டது. அதோடு எஞ்சினை 2500 சுற்று அளவில் ஓடவிட்டு இன்னொரு முறையும் பார்க்கிறார்கள். டீசல் வண்டிக்கு வாயு அளவு கிடையாது. புகையின் அடர்த்திதான். பி.எஸ்.4க்கு முந்தையதற்கு 2.45, பி.எஸ்.4க்கு 1.62 என்ற அளவைத் தாண்டக் கூடாது.

மேலே சொன்ன எண்களைக் கவனித்தால் ஒன்று புரியும். மிகப் பழைய கார்புரேட்டர் காருக்குச் சட்டம் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறது. 1996 மாடல் மாருதி 800 ஒழுங்காக டியூனிங் செய்யப்பட்டிருந்தால் சிரமமில்லாமல் தேறும். உண்மையில் திண்டாடுவது 2005க்குப் பிறகு வந்த, சைலன்சரில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள கார்கள்தான். அந்தக் கன்வர்ட்டர் கெட்டுப்போயிருந்தால், அல்லது "இழுவை குறைகிறது" என்று சொல்லி யாரோ ஒரு பட்டறையில் உள்ளே இருப்பதை உடைத்துக் கொட்டியிருந்தால், 0.5 சதவீதத்துக்குள் கொண்டுவருவது மிகக் கடினம். பழைய கார் வாங்குகிறவர்கள் சைலன்சர் நடுவே உள்ள அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்து வாங்க வேண்டும். காலியாக இருந்தால் வெற்று டின் சத்தம் வரும். உள்ளே உடைந்த துண்டுகள் கிடந்தால் கலகலவென்று ஆடும்.

இனி மலைக்காரர்களான நமக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். கீழே இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதனால் யாரும் இதைச் சொல்லித் தருவதும் இல்லை.

கொல்லிமலையின் மேல்தளம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாமக்கல் ஏறத்தாழ இருநூறு மீட்டர். இந்த வித்தியாசத்தில் மேலே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது. கீழே விட்ட அளவுக்கே பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். காற்று குறைவு, பெட்ரோல் அதே அளவு என்றால் கலவை கொழுத்துவிடும். முழுதாக எரியாது. கார்பன் மோனாக்சைடு ஏறும், பிளக்கில் கரி படியும். மேலே உள்ள மெக்கானிக் இதைப் பார்த்து மிக்சர் ஸ்குருவைத் திருப்பிப் பெட்ரோலைக் குறைத்து வைப்பார். வண்டி மலையில் அழகாக நிற்கும். அதே வண்டி காரவள்ளி இறங்கியதும், கீழே உள்ள கனமான காற்றுக்கு அந்தப் பெட்ரோல் போதாது. ஸ்லோ நிற்காமல் நடுங்கும், விட்டு விட்டு அடிக்கும். எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே போய் ஹைட்ரோகார்பன் அளவு எகிறிவிடும். "நேற்றுத்தான் டியூனிங் செய்தேன், எப்படி ஃபெயில் ஆகும்?" என்று கேட்பவர்களில் பாதிப்பேரின் கதை இதுதான்.

ஆகவே கார்புரேட்டர் வண்டியாக இருந்தால், எந்த உயரத்தில் டெஸ்டோ அந்த உயரத்திலேயே டியூனிங் செய்யுங்கள். நம்மில் பெரும்பாலோர் டெஸ்டுக்குக் கீழேதான் போகிறோம். சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ புகைமானி வைத்திருக்கும் பட்டறையாகப் பார்த்து, குழாயைச் சைலன்சரில் வைத்துக்கொண்டே மிக்சர் ஸ்குருவைத் திருப்பச் சொல்லுங்கள். காதால் கேட்டு வைப்பதும் கருவியைப் பார்த்து வைப்பதும் ஒன்றல்ல. திரும்ப மேலே வந்தபின் வண்டி கொஞ்சம் கனத்தாற்போல் ஓடினால், ஸ்குருவை எத்தனை சுற்று திருப்பினோம் என்று குறித்துவைத்துக்கொண்டு மாற்றிக்கொள்ளலாம். இன்ஜெக்‌ஷன் வந்த கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் உள்ள சென்சார் காற்றழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலை அதுவாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது நாம் வண்டியை இரண்டாம் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, எஞ்சின் பிடிப்பிலேயே இறக்குகிறோம். பிரேக்கைக் காப்பாற்ற அதுதான் சரியான முறை. அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரமும் எஞ்சின் வேலை செய்யாமல் வெறுமனே சுற்றுகிறது. உள்ளே வெற்றிடம் உண்டாகி, தேய்ந்த வால்வு வழியாகவும் ரிங் வழியாகவும் ஆயிலை மேலே இழுக்கிறது. பிளக் நனைகிறது. கன்வர்ட்டர் ஆறிப்போகிறது. அது வேலை செய்ய ஏறத்தாழ 250, 300 டிகிரி சூடு வேண்டும். இந்த நிலையில் அடிவாரத்திலிருந்து நேராக டெஸ்டுக்குப் போய் நின்றால் நல்ல வண்டியும் தோற்கும். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, சமதரையில் இருபது நிமிடமாவது ஒரு கியர் குறைவாக வைத்து, எஞ்சின் சற்றுச் சத்தமாகச் சுற்றும்படி ஓட்டுங்கள். டெஸ்ட் நிலையத்தில் வரிசை இருந்தால் அரை மணி நேரம் ஸ்லோவில் விட்டுக் காத்திருக்க வேண்டாம். முடிந்தவரை காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். உங்கள் முறை வந்ததும் ஏ.சி., விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள். சோக் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள்.

டெஸ்ட் செய்பவர் குழாயை ஒரு அடி ஆழத்துக்காவது சைலன்சருக்குள் நுழைக்க வேண்டும். நுனியில் மட்டும் வைத்தால் வெளிக்காற்று கலந்து எண் குறைவாகக் காட்டும். நமக்குச் சாதகம்தானே என்று தோன்றும். ஆனால் உண்மை எண் தெரியாமல் போனால் எந்தப் பழுதும் தெரியாமலே போகும்.

பெட்ரோல் காரில் எண் அதிகமாக வந்தால் எங்கே பார்ப்பது? அளவுச் சீட்டே வழி காட்டிவிடும். கார்பன் மோனாக்சைடு மட்டும் அதிகம் என்றால் பெட்ரோல் கூடுகிறது அல்லது காற்று குறைகிறது. முதலில் ஏர் ஃபில்டர். மலைப்பாதையில் தூசியும் பனியும் சேர்ந்து அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சில நூறு ரூபாய்ச் செலவில் பலருக்கு வேலை முடிந்துவிடுகிறது. பிறகு சோக், கார்புரேட்டர் மிதவை. இன்ஜெக்‌ஷன் கார் என்றால் ஆக்சிஜன் சென்சார், தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது நம் பக்கத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. குளிர்ந்த மலையில் அப்படிச் செய்தால் எஞ்சின் சூடாகவே ஆகாது. சூடாகாத எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும். ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகம் என்றால் நெருப்பு சரியாகப் பிடிக்கவில்லை. பிளக், பிளக் ஒயர், டைமிங், வால்வு இடைவெளி, எங்காவது வெடித்த வேக்குவம் குழாய். இரண்டும் சேர்ந்து அதிகம், நீலப் புகையும் வருகிறது என்றால் ஆயில் எரிகிறது. அதற்கு எஞ்சின் வேலைதான் மருந்து, டியூனிங்கால் தீராது. பழைய ஆயிலில் பெட்ரோல் ஆவி கலந்திருக்கும் என்பதால், டெஸ்டுக்குச் சில நாள் முன்பே ஆயில் மாற்றிவிடுவது நல்லது. காலையில் வெள்ளைப் புகை வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குளிரில் நம் வாயிலிருந்தும்தான் வருகிறது. சூடான பிறகும் வெள்ளையாக வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால்தான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை தானாகவே சற்று இளைக்கும். பல வருடம் முன்பு வைத்த கார்புரேட்டர் செட்டிங் இன்றைய பெட்ரோலுக்குப் பொருந்தாது. அது பழைய டேங்கின் அழுக்கையும் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரை அடைக்கும். பழைய ரப்பர்க் குழாய்களை வெடிக்க வைக்கும். வண்டிக்குள் பெட்ரோல் வாசனை வந்தால் டெஸ்ட் இருக்கட்டும், முதலில் குழாயை மாற்றுங்கள்.

டீசல் வண்டிகளில் நம் மலைக்கே உரிய ஒரு பழக்கம் உண்டு. ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்று பம்பில் சீலை உடைத்து டீசல் அளவைக் கூட்டி வைப்பது. இது தவறான கணக்கு. மேலே காற்றே குறைவு. இருக்கிற டீசலை எரிக்கவே காற்று போதாதபோது இன்னும் டீசல் ஊற்றினால் அது இழுவையாக மாறாது, கரும்புகையாகத்தான் மாறும். எஞ்சின் சூடாகும், டீசல் செலவு கூடும். நம் ஜீப்புகளுக்குப் பின்னால் வருகிற பஸ் கண்ணாடி கறுத்துப்போவதற்குக் காரணம் இதுதான். புகை டெஸ்டில் டீசல் வண்டி தோற்றால் ஏர் ஃபில்டருக்கு அடுத்தபடி பம்பையும் நாசிலையும்தான் பார்க்க வேண்டும். லாரிக்குப் பேர்போன நாமக்கல்லில் பம்ப் வேலையும் நாசில் வேலையும் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கம்பெனி அளவுக்கே டீசலைத் திருப்பி வைக்கச் சொல்லி, சீல் போட்டு வாங்குங்கள். டீசல் டெஸ்டில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து மிதித்து விடுவார்கள். முதல் சில மிதிகள் சைலன்சரில் படிந்த கரியைத் துப்பத்தான். பிறகு வருவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். எஞ்சின் உச்ச வேகத்துக்குப் போவதால், டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று தெரியாத வண்டியை அப்படி மிதிக்க விடாதீர்கள். அது அறுந்தால் எஞ்சினே போய்விடும். முதலில் பெல்ட்டை மாற்றிவிட்டுப் போங்கள்.

இதுவரை சொன்னது காகிதத்துக்காக. இனிச் சொல்வது உயிருக்காக. குறிப்பாகத் தாய்மார்கள் இதைப் படிக்க வேண்டும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சில் போனால் இரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் போய்விடும். முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், குமட்டல், வாந்தி, மயக்கம். பழைய வண்டியின் சைலன்சரில் ஓட்டை விழுந்திருந்தால், அல்லது எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் போயிருந்தால், அந்த வாயு தரையில் உள்ள துரு ஓட்டை வழியாக வண்டிக்குள் ஏறும். ஆம்னி போன்ற வேனில் பின்கதவு ரப்பர் கெட்டுப்போயிருந்தால் ஓடும்போது பின்னாலிருந்து புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மலைக்குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் நாம் போகிறோம். பின்சீட்டில் பிள்ளைகள் படுத்திருக்கும்.

பிள்ளை வாந்தி எடுத்தால் நாம் என்ன சொல்கிறோம்? "வளைவு ஒத்துக்கொள்ளவில்லை" என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுக்கிறோம். எழுபது வளைவில் அது இயல்புதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வளைவினால் வரும் மயக்கம் வண்டி ஓட்டுகிறவருக்கு அநேகமாக வருவதில்லை. ஓட்டுகிறவருக்கும் தலை வலிக்கிறது, சமதரையில் வரும்போதும் பிள்ளைகள் சோர்ந்து தூங்குகிறார்கள், இறங்கி வெளிக்காற்றில் நின்றதும் எல்லாருக்கும் தெளிகிறது என்றால், அது வளைவின் வேலை அல்ல. உடனே நிறுத்தி எல்லாரையும் இறக்குங்கள். யாருக்காவது மயக்கம் தெளியாவிட்டால் மருத்துவமனைக்குப் போய், வண்டிப்புகை உள்ளே வந்தது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கும் தெரியாது. பிறகு அந்தச் சைலன்சரை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள். கல்யாண வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்பது காரணம் ஆகாது. வீட்டை ஒட்டிய ஷெட்டில் கதவை மூடிக்கொண்டு வண்டியைச் சூடாக்குவதும், மழைக்கு ஒதுங்கி எஞ்சினை ஓடவிட்டபடி உள்ளேயே உறங்குவதும் கூடவே கூடாது.

புகைச் சான்றிதழில் உள்ள கார்பன் மோனாக்சைடு எண் இதனால்தான் முக்கியம். 0.3 சதவீதம் வெளியேற்றும் வண்டியில் சிறு ஓட்டை இருந்தால் ஏற்படும் ஆபத்தும், 6 சதவீதம் வெளியேற்றும் வண்டியில் அதே ஓட்டை இருந்தால் ஏற்படும் ஆபத்தும் ஒன்றல்ல. சான்றிதழை மடித்து டேஷ்போர்டில் போடுவதற்கு முன் அந்த எண்ணைப் படியுங்கள். போன தடவைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். வரம்புக்குள் இருந்தாலும் இரட்டிப்பாகி இருந்தால் எஞ்சின் ஏதோ சொல்கிறது என்று பொருள்.

இந்த இடத்தில் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டியைக் கொண்டுபோகாமலே, போட்டோவை மட்டும் அனுப்பிச் சான்றிதழ் வாங்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று காதில் விழுகிறது. இப்போது பரிசோதனை நிலையங்கள் பரிவாகன் தளத்தோடு இணைக்கப்பட்டு, வண்டியின் படத்தோடுதான் சான்றிதழ் வருகிறது என்பதால் அது முன்போல் எளிதல்ல. எளிதாகவே இருந்தாலும், அளக்காததை அளந்ததாக எழுதி வாங்குவது பொய்ச் சாட்சியைக் காசு கொடுத்து வாங்குவதுதான். மார்க்கம் தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதோடு, அந்தக் காகிதத்தை நம்பி அதே வண்டியில் உட்காரப்போவது நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தான்.

தோற்றுவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2021 ஜூனில் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரிச் சான்றிதழ் கொண்டுவந்தபோது, நிராகரிப்புச் சீட்டு என்ற ஒன்றையும் சேர்த்தார்கள். வண்டி தேறவில்லை என்றால் எந்த அளவு எவ்வளவு இருந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். மெக்கானிக்கிடம் காட்டினால் குருட்டாம்போக்கில் ஒவ்வொரு பாகமாக மாற்றும் செலவு மிச்சம். அந்த நிலையத்துக் கருவியே சரியில்லை என்று தோன்றினால், அதே சீட்டோடு வேறு நிலையத்தில் அளந்து பார்க்கலாம்.

கேஸ் பொருத்திய கார்களுக்கு ஒரு வார்த்தை. கேஸ் கிட் ஆர்.சி.யில் பதிவாகி இருக்க வேண்டும். பதியாமல் வைத்துக்கொண்டு, அதிலும் வீட்டுச் சமையல் சிலிண்டரை இணைத்து ஓட்டுவது சட்டப்படி குற்றம். நெருப்புப் பிடித்தால் காப்பீடும் கைவிடும். அதை நம் ஜமாஅத்தில் யாரும் செய்ய வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். இருசக்கர வண்டிகளுக்கும் புகைச் சான்றிதழ் கட்டாயம் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு ஸ்ட்ரோக் பழைய மொபெட் வைத்திருப்பவர்கள், பெட்ரோலில் ஆயிலைக் கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் கலக்காமல் இருந்தாலே பாதி புகை குறையும்.

டெஸ்டுக்குப் போகும்போது ஆர்.சி.யும், ஆர்.சி.யில் பதிந்த மொபைல் எண் உள்ள போனும் கையில் இருக்கட்டும். அந்த எண்ணுக்குத்தான் செய்தி வரும். இரண்டாம் கையாக வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர்களுக்கு இங்கேதான் முட்டுக்கட்டை. பழைய உரிமையாளரின் எண்ணுக்குப் போன செய்தியைத் தேடி எங்கே அலைவது? இப்படிப்பட்டவர்கள் முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். வாங்கிய சான்றிதழை எம்-பரிவாகனிலோ டிஜிலாக்கரிலோ போனில் காட்டினாலும் செல்லும். ஆனாலும் மலையில் டவர் கிடைக்காத இடங்கள் உண்டு என்பதால் காகித நகல் ஒன்று வண்டியில் இருப்பது நல்லது.

மொபைல் எண் சேர்க்கவும், பெயர் மாற்றவும் இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள், ஆர்.சி. நகல், காப்பீட்டு நகல், ஆதார் நகல் ஆகியவற்றோடு ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் இதைக் கட்டணமில்லாமல் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சான்றிதழ் முடியும் தேதியை அலுவலக ஏட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனால், பத்து நாள் முன்பாகவே உங்கள் போனுக்கு இன்ஷா அல்லாஹ் நினைவூட்டல் வந்துவிடும்.